சூடேறினால் நிற்கும் வண்டி

சிங்கப்பூரில் அப்பர் புக்கிட் தீமா சாலையிலிருக்கும் பழைய ஃபோர்ட் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓர் அறையைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று ஜெனரல் பெர்சிவல் யமாஷிதாவிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்ட அறை அது. நானும் அதைப் பார்த்தேன். ஆனால் அங்கே எனக்கு ஞாபகம் வந்தது போர் இல்லை, அப்பாவின் கார்.

தோட்டத்தைவிட்டுத் தெமர்லோவுக்குக் குடிவந்தபின் அப்பா ஒரு பழைய ஜப்பானியக் காரை வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். காபரேட்டர் வண்டி. காலையில் ஒரு குறையும் இருக்காது. மத்தியானம் பிள்ளைகளோடு இருபது நிமிடம் ஓடியதும் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது செத்துவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மூன்று பட்டறைகளுக்குப் போனார். மூன்றிலும், "வண்டி நல்லாத்தானே இருக்கு அண்ணே" என்றார்கள். ஒருவர் பிளக் மாற்றினார். இன்னொருவர் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அதற்குள் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டன. அம்மாவே ஒருநாள், "ஒருவேளை உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியலையோ?" என்று கேட்டுவிட்டார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

நான்காவதாகப் போன போமன், லோரி பட்டறையில் ஒரு சீனத் தவுக்கேயிடம் வேலை பழகிய வயதான தமிழர். அப்பா சொன்னதை முழுசாகக் கேட்டார். பானெட்டைத் திறக்கவே இல்லை. "புள்ளைக்கு ராத்திரிதான் காய்ச்சல் வருதுன்னு சொல்ற. காலையில கூட்டிட்டு வந்து காட்டுனா டாக்டர் என்னா பண்ணுவாரு? நாளைக்கு மத்தியானம் நானும் வரேன்."

மறுநாள் ஒரு பழைய பிளக், ஒரு துண்டு, ஒரு போத்தல் தண்ணீர் ஆகியவற்றோடு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் பிள்ளைகளோடு நானும் இருந்தேன். வண்டி வழக்கமான இடத்தில் நின்றது. அவருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. "ரெண்டுல ஒண்ணுதான். நெருப்பு இல்ல, இல்லன்னா எண்ணெய் இல்ல" என்றபடி இறங்கினார். காற்று வடிகட்டியின் மூடியைத் திறந்து, காபரேட்டரின் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே திராட்டிலை அசைத்தார். பெட்ரோல் பீய்ச்சியது. மூடினார். பிறகு பிளக் வயரில் தன் பழைய பிளக்கைச் செருகி இரும்பில் அணைத்துப் பிடித்து, சாவியைத் திருகச் சொன்னார். மஞ்சளாக ஒரு பொறி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. துண்டை நனைத்து இக்னிஷன் காயிலின்மேல் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திருகியபோது பொறி நீலமாக வந்தது. வண்டியும் கிளம்பியது.

நெருப்பா, எண்ணெயா என்ற அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

1908-இல் வந்த ஃபோர்ட் மாடல் டி காரில் நான்கு காயில்கள் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன. சிலிண்டருக்கு ஒன்று. ஒன்று கெட்டாலும் வண்டி நொண்டிக்கொண்டாவது வீடு சேரும். அதே காலத்தில் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங், காடிலாக் காருக்காக ஒரே காயிலைக் கொண்டு எல்லாச் சிலிண்டருக்கும் நெருப்பு கொடுக்கும் முறையை உருவாக்கினார். மலிவு, எளிமை. பல பத்தாண்டுகளுக்கு உலகம் அதைத்தான் பின்பற்றியது. ஆனால் அந்த ஒன்று படுத்துவிட்டால் வண்டியே படுத்துவிடும். காயிலுக்குள் முடியைப் போன்ற செம்புக்கம்பி பல்லாயிரம் சுற்று சுற்றியிருக்கிறது. வயதானபின் சூட்டில் கம்பி விரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு விலகுகிறது. அல்லது கம்பிமேல் பூசிய காப்பு சூட்டில் தளர்ந்து மின்சாரத்தைக் கசியவிடுகிறது. ஆறினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தடயம் இருக்காது.

எண்ணெயின் கதை வேறு. மாடல் டி-யில் பெட்ரோல் பம்பே கிடையாது. டாங்கியிலிருந்து எண்ணெய் தானாகவே கீழிறங்கும். அதனால் டாங்கியில் எண்ணெய் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் ரிவர்சில் ஏறினார்கள். 1932-இல் வந்த ஃபோர்டின் வி8 இஞ்சினில் பம்ப் இருந்தது. ஆனால் இஞ்சினின் உச்சியில், சூடு ஏறுகிற இடத்தில். எரிந்த புகை வெளியேறும் வழிகளும் இஞ்சின் கட்டைக்குள்ளேயே ஓடியதால் அது சீக்கிரம் கொதித்தது. பெட்ரோல் ஒரே திரவமல்ல, பலவற்றின் கலவை. அதன் லேசான பகுதி 40 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், எண்ணெய் நகராது. அமெரிக்க ஓட்டுநர்கள் குழாயில் மரத்தாலான துணிக் கிளிப்புகளை மாட்டிப் பார்த்தார்கள். ஈரத்துணி அதைவிட உறுதியான சோதனை. பம்பை நனைத்தால் கிளம்புகிறதா, காயிலை நனைத்தால் கிளம்புகிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நனைக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம்.

இந்த வண்டிகள் நம் பக்கம் வந்த வழிகளில் ஒன்று அந்தத் தொழிற்சாலையின் கதை. ஃபோர்ட் மலாயா 1926-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. மாடல் டி-யின் கடைசிக் காலம் அது. புக்கிட் தீமா கட்டடம் 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. அங்கே பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போர்விமானங்களைப் பொருத்தினார்கள். சரணடைந்தபின் நிசான் அங்கே ஜப்பானிய ராணுவத்துக்கு லோரிகள் செய்தது. போருக்குப் பிறகு மறுபடியும் ஃபோர்ட். 1980-இல் மூடினார்கள். 2006-இல் அது அருங்காட்சியகமானது. யார் எங்கே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள் என்று நமக்குத் தெரிகிறது. நடுரோட்டில் நின்றுபோன லோரியை ஈரத்துணி போட்டுக் கிளப்பியவர்கள் யார் என்று எந்தச் சுவரும் சொல்லவில்லை. நம் தாத்தாக்களில் எத்தனையோ பேர் லோரியும் டிராக்டரும் ஓட்டினார்கள். அவர்கள் அறிவு வாய்வழியாக வந்து, வாயோடு போனது.

1985-இல் வந்த முதல் புரோட்டான் சாகாகூடக் காபரேட்டர் வண்டிதான். பிறகு வந்த இஞ்ஜெக்‌ஷன் வண்டிகளில் பம்ப் டாங்கிக்குள்ளேயே போய்விட்டது, அழுத்தமும் கூடிவிட்டது. ஆவி அடைப்பது பெரும்பாலும் ஒழிந்தது. சூட்டில் நிற்கும் நோய் ஒழியவில்லை. இப்போது கிராங்க் சென்சார் சூட்டில் கண்ணை மூடிக்கொள்கிறது. சில நேரம் ஸ்கேனரில் ஒரு குறியீடும் பதிவாகாது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல சார்" என்கிறார்கள். எனக்கு அது அந்த மூன்று பட்டறைகளின் குரலாகவே கேட்கிறது. போமன் உயிரோடு இருந்தால் ஸ்கேனரையும் எடுத்துக்கொண்டு முன்சீட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

அன்று புதுக் காயில் மாட்டியதும், அப்பா கூலியைப் பற்றிக்கூடப் பேரம் பேசவில்லை. பழைய காயிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, அம்மா முன்னால் மேசைமேல் வைத்தார். "இதான்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டார்.

அந்தக் காயில் ஒரு மைலோ டின்னுக்குள் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் காட்டவில்லை.