"லைசென்ஸே வேண்டாம்"னு சொல்லி இ-பைக் விற்கிறாங்களா? விழுப்புரம், திண்டிவனம் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

"இந்த வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், போலீஸும் பிடிக்காது." இ-பைக் வாங்கப் போனால் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதை நம்பி, டியூஷன் போகும் பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் பெற்றோர் உண்டு. சட்டம் உண்மையிலேயே அப்படிச் சொல்கிறதா? சில வண்டிகளுக்கு மட்டும், ஆமாம்.

எந்த வண்டிக்கு விலக்கு?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, கீழே உள்ள எல்லா நிபந்தனைகளும் பொருந்தினால்தான் ஒரு இ-பைக் 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கில் வராது.

• மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழ்
• அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழ்
• பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்
• சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர்
• அரசு அங்கீகரித்த சோதனை மையத்தின் சான்று

பெடல் வைத்த இ-சைக்கிளில், மிதிப்பதை நிறுத்தினாலோ வேகம் 25 கி.மீ.யைத் தொட்டாலோ மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும்.

இதில் ஒன்று குறைந்தாலும் அது மோட்டார் வாகனம்தான். லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட் நான்கும் கட்டாயம்.

"லாக் எடுத்துட்டா 45 போகும் சார்"

சிக்கல் ஆரம்பிக்கும் இடம் இதுதான். 25 கி.மீ. வண்டியாகச் சான்று வாங்கிவிட்டு, கன்ட்ரோலரில் வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் விலக்கு அந்த நிமிடமே போய்விடும்.

இப்படி மாற்றி விற்கும் டீலருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒரு வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

பிடிபட்டால் எவ்வளவு?

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதம் இது: லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் முறை 2,000 ரூபாய், ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய்.

அபராதத்தைவிடப் பெரிய அடி விபத்தில் விழும். மோட்டார் வாகனக் கணக்கில் வரும் வண்டி இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருவர் மீது மோதினால், நஷ்டஈட்டை உரிமையாளர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டி வரும்.

பிள்ளைகள் ஓட்டலாமா?

விலக்கு பெற்ற வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் வயது வரம்பு பொருந்தாது. ஆனால் மோட்டார் வாகனக் கணக்கில் வரும் இ-ஸ்கூட்டரை 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால், 199ஏ பிரிவு பெற்றோர் மீது பாயும். 25,000 ரூபாய் அபராதத்துடன் 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்" என்பதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும்.

பதிவு எங்கே?

விழுப்புரம் ஆர்.டி.ஓ. வண்டிகளுக்கு டி.என்.32, திண்டிவனத்துக்கு டி.என்.16. சொந்த உபயோக மின் வாகனத்துக்குப் பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து. மின் வாகனங்களுக்கு ஆர்.சி. கட்டணம் கிடையாது என 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. சாலை வரிச் சலுகை காலக்கெடுவோடு வருவது என்பதால், வாங்கும் நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் வாங்கினாலும் 250 வாட், 25 கி.மீ. விதி அதேதான். அங்கு பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும்.

பணம் கட்டும் முன்...

• சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். ஒரகடத்தில் உள்ள ஜிஏஆர்சி, புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற மையங்கள் இதைத் தருகின்றன.
• சான்றில் இருக்கும் மாடல் பெயரும் வண்டியில் இருக்கும் பெயரும் ஒன்றா எனப் பாருங்கள்.
• பில்லில் மோட்டார் வாட்டும் அதிகபட்ச வேகமும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

"லைசென்ஸ் வேண்டாம்" என்று வாயால் சொல்பவர் அதை எழுதித் தரத் தயங்கினால், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதே நல்லது. விலக்கு உள்ள வண்டியானாலும், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் பஸ், லாரிக்கு நடுவே 25 கி.மீ. வேகத்தில் போவது ஆபத்து. சட்டம் கேட்காவிட்டாலும் தலையில் ஹெல்மெட் இருக்கட்டும்.