ஒளிக்கதிரில் ஏறிச் சென்ற ஏவுகணை

ஒன்று முதல் பதினொன்று வரை நிதானமாக எண்ணிப் பாருங்கள். சுமார் 11 வினாடிகள் ஆகும். நமக்கு அது சிறு பொழுது. ஆனால் டாங்கியை எதிர்த்து நிற்கும் ஒரு வீரனுக்கோ அது மிக நீண்ட நேரம்!

1970-களில் அமெரிக்கக் காலாட்படைக்கு ‘டிராகன்’ என்னும் ஏவுகணை கிடைத்தது. வீரன் ஒருவனே தூக்கிச் செல்லக்கூடியது அது. 1,000 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்குச் சுமார் 11 வினாடிகள் பிடித்தன. அதன் பின்னால் அவிழ்ந்து செல்லும் மெல்லிய கம்பி வழியே கட்டளைகள் சென்றன. அது இலக்கை அடையும் வரை வீரன் அசையாமல் அமர்ந்து, குறிநோக்கியை டாங்கியின் மீதே வைத்திருக்க வேண்டும். ஏவும்போது எழும் புகையோ அவன் இருப்பிடத்தை எதிரிக்குக் காட்டிவிடும்.

டிராகனுக்கு மாற்றாக ஒன்றை உருவாக்கும் பணி 1986-இல் மூன்று நிறுவனங்களிடம் விடப்பட்டது. அவற்றுள் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் லேசரை நாடியது.

லேசர் என்றதும், அக்கதிர் டாங்கியின் மீது பட்டுத் திரும்புவதை ஏவுகணை தேடிச் செல்கிறது என்று நினைப்பீர்கள். இங்கு அப்படியன்று. ஏவுகணையின் கண் அதன் வாற்பகுதியில் இருந்தது! வீரன் இலக்கை நோக்கிச் செலுத்தும் லேசர் கற்றையில், இடத்துக்கு இடம் வேறுபடும் குறிப்புகள் அமைந்திருக்கும். பின்னோக்கிய உணர்கருவி அவற்றைப் படித்து, தான் கற்றையின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று அறியும். ஏவுகணை தானே திருத்திக்கொள்ளும். இழுத்துச் செல்லக் கம்பி இல்லை. கண் பின்னோக்கி இருப்பதால், எதிரி அதை ஏமாற்றுவதும் கடினம்.

எல்லாம் சரி, ஆனால் ஏவுகணை போய்ச் சேரும் வரை கற்றையைப் பிடித்திருப்பது யார்? அதே வீரன்தான்!

ஹியூஸ் நிறுவனம் கண்ணாடி இழை வழியே படம் அனுப்பும் ஏவுகணையை முன்வைத்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஏவுகணையோ, டாங்கியின் வெப்ப உருவத்தை ஏவுமுன்பே மனத்தில் பதித்துக்கொண்டு தானே துரத்திச் சென்றது. ஏவிய மறுகணமே வீரன் பதுங்கிக்கொள்ளலாம். 1989-இல் இதுவே தேர்வாயிற்று. ‘ஜாவலின்’ என்ற பெயருடன் 1996-இல் படையில் சேர்ந்தது.

லேசர் வழி அத்துடன் அழிந்துவிடவில்லை. ஸ்வீடனின் ‘ஆர்.பி.எஸ். 70’ என்ற விமான எதிர்ப்பு ஏவுகணை 1977 முதலே அம்முறையில் இயங்குகிறது. ரஷ்யாவின் ‘கார்னெட்’ டாங்கி எதிர்ப்பு ஏவுகணை அதே முறையில் 5 கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய்கிறது. எனினும், ஏவுகணை போய்ச் சேரும் வரை கற்றை இன்றும் இலக்கின் மீதே இருந்தாக வேண்டும்.

ஏவுகணை எவ்வளவு துல்லியமானது என்று மட்டும் கேட்டால் போதாது, அதை ஏவியவன் எத்தனை வினாடி எதிரியின் கண்ணில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும் அல்லவா?