ஹேண்டில் காலமும் செல்ஃப் காலமும்

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகா ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி. அவர்களும் மங்கலங்கிழார் அவர்களும் பட்ட பாடு நம்மில் எல்லோருக்கும் தெரியும். நான் இங்கே எழுத வந்தது வேறொரு சரித்திரம். இந்த எல்லையை இரண்டு பக்கமும் தாண்டி ஓடிய வண்டிகள் எப்படி ஸ்டார்ட் ஆயின என்பதுதான் அது. "தள்ளு" என்றாலும் சரி, "தோயண்டி" என்றாலும் சரி, தள்ளுகிற கைகளுக்கு பாஷை பேதம் கிடையாது அல்லவா!

மோட்டார் வாகனம் நம் நாட்டுக்கு வந்த புதிதில் செல்ஃப் ஸ்டார்ட்டர் என்ற பேச்சே இல்லை. வண்டியின் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்றவேண்டும். இஞ்சின் சில சமயம் எதிர்ப்பக்கம் உதைக்கும். அப்படி உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் உலகெங்கும் ஏராளம். அதனால்தான் பழைய டிரைவர்கள், "கட்டை விரலை மடக்கிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்து வை, கீழே அமுக்காதே, மேலே இழு" என்று கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது வெறும் அதட்டல் இல்லை, கையைக் காப்பாற்றும் பாடம்.

இந்தக் கஷ்டத்துக்கு முடிவு கட்டியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் வந்தது. ஆனால் அதற்குச் சக்தி கொடுத்த பாட்டரி அப்போதே பழசு. ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் பாட்டரியைப் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளான்டே 1859லேயே செய்துவிட்டார். இன்றைக்கும் நம் கார் பானெட்டுக்குள் இருப்பது அடிப்படையில் அதே சாமான்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. நம் பக்கத்துப் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. அடுப்பை மூட்டி, விசிறியைச் சுற்றி, வாயு பிடிக்கும்வரை பயணிகள் காத்திருந்தார்கள். பிறகு அம்பாசிடர் காலம். செல்ஃப் இருந்தும் டிக்கியில் ஹேண்டில் ஒன்று படுத்திருக்கும். செல்ஃப் எடுக்காவிட்டால் ஹேண்டில், அதுவும் முடியாவிட்டால் நாலு பேர் தள்ள, செகண்ட் கியரில் கிளட்சை விடுவது. பழைய டீசல் லாரிக்கு ஓட ஆரம்பித்துவிட்டால் பாட்டரியே தேவையில்லை. அதனால் பாட்டரி வீக்கான வண்டியை இறக்கத்தில் நிறுத்துவது டிரைவர்களின் யுக்தி. மலையும் மேடும் உள்ள ஊரில் இது பெரிய சௌகரியம்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. இங்கே ரயில் ஏறினால் புத்தூர் தாண்டி ரேணிகுண்டா. அதற்கு அருகே கரகம்பாடியில் கல்லா ராமச்சந்திர நாயுடு 1985ல் தொடங்கிய அமரராஜா நிறுவனம், 2000ஆம் ஆண்டில் அமரான் என்ற பெயரில் வண்டிப் பாட்டரியைக் கொண்டுவந்தது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றவேண்டாத பாட்டரிகள் பரவப் பரவ, பாட்டரியைத் திறந்து பார்க்கும் பழக்கமே போய்விட்டது. சௌகரியம் கூடியது. கூடவே கைப்பழக்கம் குறைந்தது. இன்றைய கார்களில் ஹேண்டில் போட இடமே கிடையாது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைத் தள்ளியும் பயனில்லை.

ஆகவே, ஆடிக் கிருத்திகைக்கோ டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கோ காரில் வந்து, விளக்கை அணைக்க மறந்து மலையேறிவிட்டுத் திரும்பும் நண்பர்கள் கவனிக்க:

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள். சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" சத்தம் மட்டும் வந்து, விளக்கும் மங்கினால் பாட்டரி டவுன். விளக்கு பளிச்சென்று எரிந்தும் இஞ்சின் சுற்றாவிட்டால் டெர்மினலையோ ஸ்டார்ட்டரையோ சந்தேகியுங்கள். டெர்மினலில் வெள்ளையாய், பச்சையாய்ப் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். மீட்டர் இருந்தால் 12.6 வோல்ட் முழுச் சார்ஜ், 12.2 பாதி.

அடுத்தது, இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போடுவது. உதவ வருகிற லாரிக்காரர் நல்ல மனசோடுதான் வருவார். ஆனால் பல லாரி, பஸ்களில் இருப்பது 24 வோல்ட். 12 வோல்ட் காரில் அதைக் கொடுத்தால் உள்ளேயிருக்கும் எலக்ட்ரானிக் சாமான்கள் போயே போய்விடும். கேட்டுவிட்டுப் போடுங்கள். பழைய இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் பக்கம்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். சிவப்பு கேபிளை முதலில் செத்த பாட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு நல்ல பாட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பாட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைச் செத்த வண்டியின் இஞ்சினில் வர்ணம் பூசாத இரும்பில், பாட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதன் பக்கத்தில் ஒரு பொறி பறந்தால் வெடித்து ஆசிட் கண்ணில் தெறிக்கலாம். அதனால் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் அருகே வரக்கூடாது. உப்பியிருக்கும் பாட்டரியையோ ஆசிட் கசியும் பாட்டரியையோ தொடவே வேண்டாம்.

நல்ல வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, செத்த வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். பிடித்ததும் மாட்டியதற்கு நேர் தலைகீழாகக் கேபிள்களைக் கழற்றவேண்டும். உடனே அணைத்துவிடாமல் அரைமணியாவது ஓட்டி, ஊர் போனதும் பாட்டரியைக் கடையில் காட்டுங்கள்.

ஹேண்டிலும் போச்சு, அம்பாசிடரும் 2014ல் நின்றுபோச்சு. அந்தக் காலத்துக் கிளீனர்கள் அடிபட்டுக் கற்ற ஜாக்கிரதை மட்டும் நமக்கு இன்னும் தேவைப்படுகிறது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது டிக்கியில் நல்ல கனமான கேபிள் ஒரு ஜோடி போட்டு வாருங்கள். உங்கள் வண்டிக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்தில் நிற்கிற நண்பரின் வண்டிக்குத் தேவைப்படும்!