மனச்சிதைவு நோயின் தொடக்கநிலையில் கவனமும் செயல்நினைவும்

மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரீனியா) காதில் குரல்கள் கேட்பதற்கும் காரணமற்ற சந்தேகங்கள் எழுவதற்கும் முன்பே பலரிடம் கவனம் சிதறத் தொடங்குகிறது, செயல்நினைவும் தளர்கிறது. ஒரு வேலை முடியும்வரை வேண்டிய செய்தியைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்திக் கையாளும் திறனே செயல்நினைவு. இத்தளர்ச்சியின்போது மூளையில் நடப்பது பற்றிய கருத்து ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை மாறியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்று வகுத்த ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின், நோயாளிகளின் கவனம் நிலைகொள்ளாததை அப்போதே குறித்தார். 1961இல் ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் ஆகிய இருவரும் தொடக்கநிலை நோயாளிகள் 26 பேரிடம் விரிவாகப் பேசி ஒரு கட்டுரை வெளியிட்டனர். வேண்டாத ஓசைகளையும் காட்சிகளையும் ஒதுக்க முடியவில்லை, பிறர் பேச்சைத் தொடர்ந்து பின்பற்ற இயலவில்லை என்பதே அவர்கள் கேட்ட முறையீடு. பின்னாளில் கருவிகள் காட்டிய பலவற்றை நோயாளிகள் முன்பே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

இந்நோயில் மூளையின் இயக்கத்தை அளக்கும் முக்கிய முயற்சி ஒன்று சுவீடனில் நடந்தது. 1974இல் டேவிட் இங்வாரும் கோரன் ஃபிரான்ஸெனும் கதிரியக்கச் செனான் வாயுவைக் கொண்டு மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தனர். நலமாக இருப்பவருக்கு ஓய்விலும் மூளையின் முன்பகுதியில் ஓட்டம் மிகுந்திருக்கும். நெடுநாள் நோயாளிகளிடம் அந்த மிகுதி காணப்படவில்லை. 1986இல் அமெரிக்காவில் டேனியல் வைன்பர்கர் குழுவினர், மருந்து நிறுத்தப்பட்டிருந்த நோயாளிகளிடம் விஸ்கான்சின் சீட்டு வகைப்பாட்டுச் சோதனையை நடத்தினர். நிறம், வடிவம், எண்ணிக்கை ஆகியவற்றில் ஒன்றை விதியாகக் கொண்டு சீட்டுகளைப் பிரிக்க வேண்டும். விதி சொல்லாமலே மாறிவிடும். அப்போது முன்நெற்றிப் புறணியின் மேற்பக்கப் பகுதி நலமானவர்களிடம் சுறுசுறுப்படைந்தது. நோயாளிகளிடம் அவ்வாறு எழவில்லை.

கண்ணிலிருந்து மறைந்த குறியின் இடத்தைக் குரங்கின் முன்நெற்றி நரம்பணுக்கள் தொடர்ந்து தாங்கி நிற்பதை யேல் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கோல்ட்மன்-ராகிச் ஆராய்ந்திருந்தார். மறைந்த குறியின் இடத்தை நினைவில் வைக்கும் அதே வகைச் சோதனையில் நோயாளிகள் பின்தங்குவதை 1992இல் சோஹீ பார்க்கும் ஃபிலிப் ஹோல்ஸ்மனும் காட்டினர். முன்மூளை மந்தமாக இருப்பதே காரணம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அக்கருத்து நெடுநாள் நிற்கவில்லை. மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. முறை வந்தபின், 2000ஐ ஒட்டி டாரா மனோக், ஜோசப் கல்லிகாட் ஆகியோரின் ஆய்வுகளில் நோயாளிகளின் முன்நெற்றிப் பகுதி சில வேளைகளில் நலமானவர்களுடையதைவிட அதிகமாக இயங்கியது. எளிய பணிக்கே கூடுதலாக உழைக்கிறது, பணியின் சுமை ஏறினால் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது என்று இதற்கு விளக்கம் தரப்பட்டது. குறை, மிகை என்ற இரு முடிவுகளும் பொருந்தி நிற்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை இல்லை.

ஆண்டுக்கணக்கில் உண்ட மருந்தும் மருத்துவமனை வாழ்வும் மூளையை மாற்றியிருக்கலாமே என்ற ஐயம் பழைய ஆய்வுகளைத் தொடர்ந்தது. தொடக்கநிலை நோயாளிகளுக்கு ஆய்வில் தனி மதிப்பு ஏற்பட்டது இதனால்தான். முதன்முறை நோய்ப்பட்டு, மருந்தே எடுத்திராதவர்களிடமும் முன்நெற்றிச் செயற்குறை இருப்பதை 2001இல் டீன்னா பார்ச் குழுவினர் கண்டனர். 2009இல் சூசன் விட்ஃபீல்ட்-கேப்ரியேலி குழுவினரின் ஆய்வு பார்வையை வேறுபக்கம் திருப்பியது. மனம் தன்போக்கில் அலையும்போது இயங்கும் மூளை வலையமைப்பு, வேலையில் இறங்கியதும் அடங்க வேண்டும். தொடக்கநிலை நோயாளிகளிடம் அது போதிய அளவு அடங்கவில்லை; அவர்களுடைய நெருங்கிய இரத்த உறவினரிடமும் அதே போக்கு தென்பட்டது.

நரம்பணுக்களை ஒத்திசைய வைக்கும், ‘காபா’ என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களின் கோளாறும், மூளை மின்பதிவான இ.இ.ஜி.யில் தெரியும் காமா அலைகளின் தளர்ச்சியும் இப்போது ஆராயப்படுகின்றன. வழக்கிலுள்ள மருந்துகள் குரல்களையும் சந்தேகங்களையும் தணிக்கின்றன. கவனத்துக்கும் செயல்நினைவுக்கும் அவற்றால் பெரிய பயன் இல்லை. இக்குறைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட ஐக்ளெபெர்டின் மருந்தும் மூன்றாம் கட்டச் சோதனைகளில் இலக்கை எட்டவில்லை என 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.