மெத்தர்ஜின் வந்த வழி

பிரசவ வார்டில் நஞ்சு விழுந்ததும் என் கை தாயின் அடிவயிற்றுக்குப் போய்விடும். கர்ப்பப்பை கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாக இருந்தால் நிம்மதி. கொழகொழவென்றிருந்தால் தேய்த்துக்கொண்டே ஊசிக்குக் குரல் கொடுப்பேன். நிறைமாதத்தில் அந்தப் பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. தசை சுருங்கி நாளங்களை நெரித்தால்தான் நிற்கும்.

அப்படி நெரிக்க வைக்கும் மெத்தர்ஜின் ஊசியின் பூர்வீகம், ரை என்ற தானியக் கதிரில் பிடிக்கும் கறுப்புப் பூஞ்சை. ஐரோப்பிய மருத்துவச்சிகள் நெடுங்காலம் கையாண்டது. 1808இல் நியூயார்க் மருத்துவர் ஜான் ஸ்டேர்ன்ஸ், பிரசவத்தை விரைவுபடுத்த அதைப் பரிந்துரைத்தார். அவசரத்துக்குக் கொடுத்ததில் கர்ப்பப்பைகள் கிழிந்தன, குழந்தைகள் செத்துப் பிறந்தன. பிள்ளை பிறந்தபின் உதிரத்தை நிறுத்த மட்டும் கொடுங்கள் என்று 1820களில் டேவிட் ஹோசாக் என்ற மருத்துவர் எச்சரித்தார். அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

பின்னாளில் லண்டனில் சாசர் மோயர் என்ற மருத்துவர், இந்தப் பூஞ்சை மருந்தைச் சோதிக்க, பிரசவித்த பெண்களின் கர்ப்பப்பைக்குள் சிறு பலூன் வைத்துச் சுருக்கங்களைப் பதிவுசெய்தார். அதைத் தாங்கிக்கொண்ட பெண்களின் பெயர் நாங்கள் படித்த புத்தகத்தில் இல்லை. அது எனக்கு உறுத்தல்தான். 1935இல் மோயரும் வேதியியலாளர் ஹெரால்ட் டட்லியும் அந்தப் பூஞ்சையிலிருந்து எர்கோமெட்ரினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் நெருங்கிய உறவுதான் மெத்தர்ஜின். பிரஷர் ஏறியிருக்கும் தாய்க்கு அதைப் போடக் கூடாது, அவருக்கு ஆக்ஸிடோசின்.