பல்லுக்கு ஒதுக்காத பணம்

மருத்துவ வரலாற்றை மருத்துவர்களின் பெயர்களால் எழுதிப் பழகிவிட்டோம். அரசுப் பணம் யாருடைய உடம்புக்குப் போனது என்ற கணக்கிலிருந்தும் அதை எழுத வேண்டும். பல் அதற்குச் சரியான சான்று.

1946இல் ஜோசப் போர் தலைமையிலான குழு, பணமில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்றது. 1948இல் இந்தியாவில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. யார் பல் மருத்துவர் என்பதை அது வரையறுத்தது. ஏழையின் பல்லுக்கு யார் செலவிடுவது என்று சொல்லவில்லை. அதே ஆண்டு பிரிட்டனில் தேசிய நலவாழ்வுச் சேவை பல் மருத்துவத்தையும் இலவசமாக்கியது. 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும், அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சரவையிலிருந்து விலகினார். அங்கே பல் அரசியல் பிரச்சினை. இங்கே அவரவர் பாடு.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது. மறு ஆண்டே மதுரைக்கு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. பல் மருத்துவக் கல்லூரி கிடைக்கவில்லை. 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சிதம்பரத்துக் கல்லூரி அரசின் கைக்கு வந்தது. 2023இல் புதுக்கோட்டையில் ஒன்று திறக்கப்பட்டது. மதுரையிலோ தனியார் கல்லூரிகள்தாம் எழுந்தன.

அரசு இராசாசி மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. ஆனால் வேர்ச் சிகிச்சைக்குப் பலமுறை வர வேண்டும். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பிடுங்கினால் ஒரே நாளில் முடிந்தது. சம்பளத்துக்கு மட்டும் பணம் தந்து, பல் நாற்காலிக்கும் அடைக்கும் பொருளுக்கும் தராவிட்டால், எந்த மருத்துவராலும் பிடுங்கத்தான் முடியும். காப்பீட்டுத் திட்டங்களும் பெரும்பாலும் உள்நோயாளிக்கானவை, பல்வலிக்காரரோ புறநோயாளி.

சாக்கடை நாற்றத்தைத் தாங்கப் புகையிலையை அடக்கிக்கொள்ளும் தூய்மைப் பணியாளரை நினைத்துப் பாருங்கள். அந்த வேலையை அவர் தலையில் கட்டியது சாதி. வாயில் வரும் வெள்ளைத் திட்டை ஒரு பல் மருத்துவர் உரிய காலத்தில் பார்த்திருந்தால் புற்றுநோயைத் தடுக்க வாய்ப்புண்டு. ஆகவே பல் நாற்காலி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் சாதிப் பிரச்சினையும்தான்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்கத் தமிழ்நாட்டில் 2024இல் சட்டம் வந்துள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்தப் பங்கிலிருந்து நம் ஊர் நிலையங்களுக்கு எத்தனை பல் நாற்காலிகள் வாங்கப்பட்டன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஒன்றியத்திலும் இதைக் கேட்போம். இது பல்லைக் காட்டிப் பெறும் சலுகை அல்ல, நம் பங்கு.