டோனிகால் மடம்: இடிந்த சுவரும் எழுதிய ஏடும்

அயர்லாந்தின் வடமேற்குப் பகுதியில், எஸ்க் ஆறு டோனிகால் விரிகுடாவோடு கலக்கும் இடத்தில், கடல் பார்த்த ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. அதன் நடுவே சில குட்டிச்சுவர்கள். சுற்றுமண்டபத்தின் சிறு வளைவுகள் சில. ஒரு காலத்தில் துறவியர் நின்று இறைப்பாடல் ஓதிய பகுதியின் மிச்சம். பார்க்க வருவோரிடம், "ஐரிஷ் மக்களின் பெருவரலாற்று நூலாகிய 'நான்கு ஆசான்களின் ஆண்டேடு' இங்கேதான் எழுதப்பட்டது" என்று சொல்வது வழக்கம். பல நூல்களிலும் இவ்வாறே காணலாம். ஆனால் அது பிழை. அப்பிழையைத் திருத்தினால்தான் இந்த இடத்தின் உண்மையான பெருமை புலப்படும் என்பது என் எண்ணம்.

முதலில் பெயர். இதனை 'அபே' என்று குறிப்பது பெருவழக்கு. அபே என்பது ஆதீனத் தலைவர் போன்ற ஒருவரின் கீழ், நிலமும் வருவாயும் உடையதாய், உலகை விட்டு ஒதுங்கி வாழும் துறவியரின் மடம். டோனிகாலில் இருந்தவர்களோ பிரான்சிஸ்கன் சபையினர். இரந்துண்டு, மக்களிடையே சென்று போதிப்பவர்கள். அவர்கள் மடத்துக்கு ஆதீனத் தலைவர் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் பொறுப்பேற்கும் காப்பாளர் ஒருவரே உண்டு. சுவரோடு கட்டுண்ட வாழ்க்கை அன்று அவர்களுடையது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வேறுபாடு உதவும்.

மடம் நிறுவப்பட்டது 1474இல். டிர்கானல் நாட்டுத் தலைவன் ஆ ரூவா ஓ டொனலும், அவன் மனைவி ஃபினோலாவும் இதனைக் கட்டுவித்தனர். 1505இல் அவன் இறந்தபோது இங்கேயே அடக்கம் செய்யப்பட்டான். இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி 1536 முதல் மடங்களைக் கலைத்து உடைமைகளைப் பறித்த காலத்திலும் டோனிகால் தப்பியது. மன்னனின் ஆணை அல்ஸ்டர் பகுதியின் அந்த மூலைவரை செல்லுபடியாகவில்லை. ஓ டொனல் குடியினரின் வாளே அங்கு சட்டம்.

இம்மடத்தின் பொருட்காப்பாளராக இளமையில் பணியாற்றிய டொனா மூனி, பின்னாளில் தம் சபையின் வரலாற்றை எழுதினார். 1600ஆம் ஆண்டில் துறவியர் 40 பேர் இருந்தனர் என்றும், வழிபாட்டு ஆடைகள் 40 தொகுதிகளும் வெள்ளிக் கிண்ணங்கள் பதினாறும் தம் பொறுப்பில் இருந்தன என்றும் அவர் கணக்குக் காட்டுகிறார். இழந்த வீட்டை நினைப்பவர் பாத்திரங்களை எண்ணிப் பார்ப்பது போன்ற கணக்கு அது.

மறு ஆண்டே எல்லாம் முடிந்தது. ஆங்கிலேயருக்கு எதிரான போரில் முன்னின்றவன் செந்தலை ஆ ஓ டொனல். அவனுடைய பங்காளியும், அவன் உடன்பிறந்தாளை மணந்தவனுமாகிய நீல் கார்வ், ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டான். 1601 ஆகஸ்டில் துறவியர் முன்கூட்டியே செய்தி அறிந்து காட்டுக்குள் சென்று மறைந்தனர். நீல் கார்வும் ஆங்கிலப் படையினரும் மடத்தைப் பிடித்துக் கோட்டையாக்கினர். செந்தலையன் வெளியே இருந்து முற்றுகையிட்டான். செப்டம்பரில் மடத்துக்குள் வைத்திருந்த வெடிமருந்தில் தீப் பற்றியது. கூரையும் சுவரும் சிதறின. நீல் கார்வின் தம்பி கோன் உட்படப் பலர் மாண்டனர். உள்ளே இருந்தவன், வெளியே நின்றவன் இருவருமே அம்மடத்தை நிறுவியவனின் வழித்தோன்றல்கள் என்பதை இங்கு நினைக்க வேண்டும். அந்நியர் கை இருந்தது உண்மை. வீட்டுப் பகை அதற்குக் கதவு திறந்துவிட்டது என்பதும் உண்மை.

அதன்பின் சரிவு விரைவானது. 1601 டிசம்பரில் கின்சேல் போரில் ஐரிஷ் படை தோற்றது. உதவி நாடி ஸ்பெயின் சென்ற செந்தலையன் 1602இல் அங்கேயே இறந்தான். 1607இல் அல்ஸ்டர் தலைவர்கள் கப்பலேறி நாட்டை விட்டு நீங்கினர். நீல் கார்வுக்கும் எதிர்பார்த்த பரிசு கிட்டவில்லை. ஆங்கிலேயரின் ஐயத்துக்கு ஆளாகி, லண்டன் கோபுரச் சிறையிலேயே 1626இல் உயிர்விட்டான்.

அதே 1626இல் ஒருவர் அயர்லாந்துக்குத் திரும்பினார். அவர் மீஹால் ஓ கிளேரி. ஓ டொனல் குடிக்கு வழிவழியாக வரலாறு எழுதிவந்த குடும்பத்தில் பிறந்தவர். லூவனில் 1607இல் தொடங்கப்பட்ட ஐரிஷ் பிரான்சிஸ்கன் கல்லூரியின் எளிய துறவி. அயர்லாந்துப் புனிதர்களின் வரலாறுகளைத் தேடிப் படியெடுத்து வருமாறு அவரை அனுப்பினர். பதினொரு ஆண்டுகள் அவர் ஊர் ஊராகச் சென்று பழஞ்சுவடிகளைப் படியெடுத்தார். பழைய தலைவர்கள் இல்லை. அவர்கள் போற்றிவந்த புலவர் குடும்பங்கள் நிலம் இழந்து நின்றன. இப்போது எழுதாவிட்டால் இனி எழுத ஆள் இருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1632 ஜனவரி 22இல் ஆண்டேட்டுப் பணி தொடங்கி, 1636 ஆகஸ்ட் 10இல் நிறைவுற்றது. அவரோடு கூக்ரீ ஓ கிளேரி, ஃபெர்ஃபெசா ஓ முல்கோன்ரி, பெரெக்ரின் ஓ டூய்கெனன் ஆகிய மூவரும் பணியாற்றினர். இடையிடையே வேறு இருவரும் உதவினர். எழுதிய இடம் டோனிகால் மடம் அன்று. அது வெடித்துச் சிதறி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. தெற்கே டிரௌஸ் ஆற்றங்கரையில், வீடிழந்த டோனிகால் துறவியர் ஒதுங்கியிருந்த புகலிடமே அவ்விடம். பொருளுதவி செய்தவர் ஃபெர்கல் ஓ காரா என்னும் நிலக்கிழார். சோறும் பணிவிடையும் அளித்தவர்கள் அத்துறவியர். மடம் இல்லாதபோதும் அவர்கள் தம்மை 'டோனிகால் மடத்தார்' என்றே சொல்லிக்கொண்டனர். நூல் முகப்பிலும் அவ்வாறே பதிவாகியுள்ளது.

ஊழிப் பெருவெள்ளத்தில் தொடங்கி 1616 வரை செல்லும் அந்நூலில், 1474இல் மடம் எழுந்ததும் 1601இல் அது அழிந்ததும் உண்டு. அழிவைத் தெய்வத் தண்டனையாகக் காணும் ஆசிரியர்கள் சார்பற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் தம் புரவலர் குடியின் பிளவை அவர்கள் மறைக்கவில்லை. நீல் கார்வின் பெயரைப் பெயராகவே எழுதினர்.

மீஹால் 1643இல் இறந்தார். நூல் அச்சேறியதை அவர் காணவில்லை. ஜான் ஓ டோனவன் முழுமையான பதிப்பை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஏழு தொகுதிகளாக வெளியிட்டது 1848 முதல் 1851 வரையில்தான். அவர்கள் பயன்படுத்திய மூலச்சுவடிகளுள் சில பின்னர் மறைந்தன. அவற்றிலிருந்த செய்திகளுக்கு இன்று இந்த ஏடே சான்று.

இலக்கிய வரலாறு கற்பிக்கும் எனக்கு, 'மடத்தில் அமர்ந்து எழுதினர்' என்ற ஒரு வரித் தவறு சிறிதாகத் தோன்றவில்லை. அமைதியான மண்டபமும் நூலகமும் உடையோர் எழுதிய நூல் என்று மாணவர் அதனை எண்ணிக்கொள்வர். உண்மையில் எழுதியவர்களுக்கு நிலையான கூரை இல்லை, உணவிட்டவர்களுக்கும் இல்லை. டோனிகால் நகரின் நடுவே 1937இல் அந்நால்வருக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அவர்களுக்கு நான்கு ஆண்டுகள் சோறிட்ட துறவியரின் பெயர்களோ பெரும்பாலோர் அறியாதவை. இடிந்த அச்சுவர்களைக் காணும்போது அவர்களையும் சேர்த்து நினைப்பதே முறை.